ஜிகினா ஒட்டாத கை

பிள்ளைகளே, காலையில் நீங்கள் செய்த பொங்கல் வாழ்த்தட்டையைத் தொட்டதும் என் சட்டையெல்லாம் ஜிகினா ஒட்டிக்கொண்டது. பம்மலில், இப்போது இடித்துவிட்ட எங்கள் ஒற்றை அறை வீட்டில், அம்மா வேலைக்குப் போன மதியங்களில், துபாயிலிருந்த அப்பாவுக்காக நானும் தனியாக உட்கார்ந்து, மடித்த துண்டின்மேல் அட்டையைக் கவிழ்த்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி அழுத்தி ஒரு கரும்பைப் புடைக்கவைத்து, பசை தடவி ஜிகினா தூவினேன். மூன்று நாள் கழுவியும் அது விரலை விட்டுப் போகவில்லை.

பொங்கலன்று கீழ்வீட்டு போனில் அப்பா பேசினார்.

"கார்டு வந்துச்சுடா. சூப்பரா கீது."

"கையில ஜிகினா ஒட்டிச்சாப்பா?"

"சேச்சே, ஒண்ணும் ஒட்டலடா. நீட்டா கீது."

அவர் உறையைப் பிரிக்கவேயில்லை என்று புரிந்தது. "சரிப்பா" என்றேன்.

இன்று நான் சட்டையை உதறாமலே வேலைக்குப் போனேன்.