‘கேட்டது’ பத்தியில் ஒரு சொல்

பக்கத்து வீட்டுப் பெண் என் கணினித் திரையைப் பார்த்திருக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். அவர் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பொய்யால் அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலை தட்டிப்போனது.

நான் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கொல்லிமலைக்கு வந்து குண்டனி நாடு என்ற மலைப்பகுதியில் வாடகை வீடு பிடித்தேன். அறுபத்தேழு வயதில் சென்னை விளம்பர நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வரி எழுதும் வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்தை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

காலை ஒன்பதரைக்கு எல்லோர் முகமும் திரையில் இருக்க வேண்டும். மதியத்துக்குள் ஒரு பொருளுக்கு நாற்பது வரி. குழுத் தலைவி என் மகளைவிட இளையவர். முப்பத்தொன்பதைக் காரணம் சொல்லாமல் அடித்துவிடுவார். முதல் வாரம் அவமானமாக இருந்தது. பிறகு, அந்த ஒன்று மட்டும் ஏன் தப்பியது என்று யோசிப்பதே ருசியாகிவிட்டது. அரசாணைகளை மொழிபெயர்த்த அத்தனை ஆண்டுகளில் எந்த வாக்கியத்தைப் பற்றியும் நான் அப்படி யோசித்ததில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொதுக் கோப்பில் இரண்டு பத்திகள்: ‘எழுதியது’, ‘கேட்டது’. சொந்தமாகத் தோன்றிய வரி முதலாவதில். யாராவது பேசிக் காதில் விழுந்தது இரண்டாவதில். சொன்னவர் யார் என்றும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் என்றார் தலைவி. நான் நம்பவில்லை.

ரசப்பொடிக்கு வரி தேடிய வாரம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் காயப்போட்ட மிளகை அவசரமாக உள்ளே அள்ளிக்கொண்டிருந்தார். தமிழ் படித்தவர், சேந்தமங்கலத்தில் ஜவுளிக்கடை வேலைக்குத் தினமும் பஸ்ஸில் மலையிறங்கி ஏறுகிறவர்.

“மழை எப்பம்மா நிக்கும்?” என்றேன்.

“அதைப் பாத்துட்டு உக்காந்தா ஆவுங்களா? ஒரு ரசத்தை வெச்சா, மழை அது பாட்டுக்குப் பெய்யுது.”

அதை அப்படியே ‘எழுதியது’ பத்தியில் போட்டேன். நாற்பதில் அதுதான் தப்பியது. எல்லோர் முன்னிலும் தலைவி என்னைப் பாராட்டினார்.

அடுத்த மாதம் நிறுவனத்துக்கு இன்னொருவர் தேவைப்பட்டார். நான்தான் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “கெடைச்சா பஸ்ஸை மறந்துடுவேனுங்க. பொண்ணு பள்ளிக்கூடம் உட்டு வர்றப்ப ஊட்டுல இருப்பேன்” என்றார். தேர்வுக்காகப் பத்து வரிகள் அனுப்பினார். ஒன்பதாவது, அந்த ரச வரி. விளம்பரம் இன்னும் வெளிவராததால் நான் அதை எடுத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது.

தலைவி என்னைக் கேட்டார்: “சார், இவங்க உங்க பக்கத்து வீடுதானே? உங்க ஸ்கிரீனைப் பாத்திருப்பாங்களா?”

“பாத்திருக்கலாம்” என்றேன்.

வழக்கம்போல் காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள். “எந்த வரிங்க சார் மோசம்? தெரிஞ்சாத் திருத்திக்குவேன்” என்று அவர் என்னிடமே வந்து கேட்டார். அந்த நிறுவனம் நிராகரித்தவற்றில் எனக்குத் தெளிவாகக் காரணம் தெரிந்திருந்தது இது ஒன்றுக்குத்தான். தெரியவில்லை என்றேன். மறுநாள் காலை அவர் பஸ்ஸுக்கு நடந்துபோவதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

பதினொரு நாள் கழித்து, நடந்ததைத் தலைவிக்கு எழுதினேன். ரச வரியை ‘கேட்டது’ பத்திக்கு மாற்றி, அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், நான் சொன்ன அந்த ஒரு சொல்லையும் மறைக்காமல் சொன்னேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தவில்லை.

“ஏனுங்க சார், ரசம் வெக்கறவளுக்கு வரி வராதுன்னு நெனச்சீங்களாக்கும்?”

“இல்லம்மா. எனக்கு வராதுன்னு பயந்தேன்.”

“அப்ப அதைச் சொல்லியிருக்கோணும்.”

மூன்று மாதம் என்னைப் பிழை திருத்தும் வேலைக்கு மாற்றினார்கள். அவருக்கு வேலை கிடைத்தது. இப்போது அவருடைய வரிகள்தான் அதிகம் தப்புகின்றன. என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார்.

போன வாரம் ‘கேட்டது’ பத்தியில் அவர் ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தார்: ‘பாத்திருக்கலாம்.’ சொன்னவர்: பக்கத்து வீட்டு சார்.

“இது எந்தப் பொருளுக்கு?” என்று காலைக் கூட்டத்தில் தலைவி கேட்டார்.

திரையில் என் முகத்துக்கு அடுத்த கட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் இருந்தது. “எதுக்கும் ஆவாதுங்க. அங்கயே இருக்கட்டும்” என்றார்.

தலைவி அதை அடிக்கவில்லை.