அச்சில் ஏறிய ஓம்

போன கிழமை விசா புதுப்பிக்கும் கடதாசிகளோடு பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றேன். "அண்ணை, ரெண்டு பக்கமும் அடிக்கிறதோ?" என்று கேட்ட கடைக்காரப் பெண், சுடச்சுடத் தாள்களை நீட்டினாள். அந்தச் சூட்டு மணம் மூக்கில் ஏறியதும் விசா கொடுக்கும் பிரெபெக்சர் கந்தோர், அங்கே நிற்கும் வரிசை எல்லாம் மறந்துபோய்விட்டது. கனவில் போல, ஊரில் எங்கள் மாகாண சபையின் தட்டச்சு அறைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

உறுப்பினர்கள் பேசுவதை ஒலிப்பதிவில் கேட்டு எழுத்துத் தமிழில் அடிப்பது அங்கே என் வேலை. சண்டை பிடித்தாலும் "கௌரவ உறுப்பினர்" என்றுதான் அடிக்கவேண்டும். "ஓம்" என்றால் "ஆம்". ஐயோ, எங்கள் ஆட்களின் ஓம் உங்களுக்குத் தெரியாததா? சம்மதமும் ஓம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதும் ஓம், ஆளை விடு என்பதும் ஓம்.

ஒருநாள் ஓர் உறுப்பினர், தன் தொகுதியில் கடற்கரைப் பக்கம் இருந்த ராணியக்காவின் மனுவை வாசித்தார். மகளுக்குக் கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும், ஊருக்கோ பஸ் இல்லை. அரசாங்கத்தின் சிவப்பு பஸ் கொழும்பின் கையில். தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி கொடுப்பதுதான் சபையின் கையில். "கௌரவ அமைச்சர் பஸ் விடுவாரா?" என்று கேட்டார். பதில் வரும் நேரம் பார்த்து யாரோ இருமினார்கள். என் ஹெட்போனில் கேட்டது "ஓம்" மட்டும்தான். "ஆம்" என்று அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

அச்சான பதிவோடு ராணியக்கா அமைச்சரின் கந்தோருக்கு வந்துவிட்டார். செயலாளர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்: "அமைச்சர் 'ஓம் ஓம், பாப்பம்' எண்டெல்லோ சொன்னவர்!"

அக்கா அசையவில்லை. "அச்சிலை கிடக்குது ஐயா. சபையிலை சொன்னால் சொன்னதுதானே?"

சபை ஏற்றுக்கொண்ட பதிவை யார் திருத்துவது? அடுத்த மாதம் பஸ் ஓடியது. வெளிக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம், புழுகம்.

பிறகு சபையின் காலம் முடிந்தது. தேர்தல் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. மண்டபத்தில் இப்போது கதிரைகள் மட்டும் இருக்குமாக்கும். நான் இங்கே வந்து சேர்ந்தேன்.

கடையிலிருந்து வெளியே வந்து, மனம் கேட்காமல், அன்று வாங்கி வைத்த நம்பரில் ராணியக்காவுக்கு போன் எடுத்தேன். பஸ் நின்று இரண்டு மாதமாம். அந்த அச்சுத்தாளோடு கந்தோர் கந்தோராக அலைந்தாராம்.

"எல்லாரும் கொழும்பைக் கேக்கச் சொல்லினம். முந்தி சபையிலை எங்கடை ஆள் எண்டு ஒருத்தர் எழும்பிக் கேட்டவர். இப்ப எனக்காக எழும்பிக் கேக்க ஆர் தம்பி இருக்கினம்?"

நாளைக்கு மகளுக்கு ஆஸ்பத்திரி நாள், ஓட்டோ பிடிக்கவேண்டும் என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.