தூக்கிப் பார்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

ஓசூர் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடியும். கண்டக்டரின் திட்டு வேறு. வெறுத்துப்போய், பெங்களூரில் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பார்த்தேன். ஒரே கையில் தூக்க முடிந்தது! அந்தச் சந்தோஷத்தில், கடையில் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். சுத்தமான சத்தம். வாங்கிவிட்டேன்.

கிருஷ்ணகிரியில் கல்யாணக் கச்சேரி. எங்கள் குழுவின் டிரம்மர் பாஷா அடிக்க ஆரம்பித்ததும் என் பேஸ் காணாமல் போனது. சத்தத்தைக் கூட்டினால் ஒரே கரகரப்பு.

"என்னண்ணா, பொட்டிக்குள்ள வண்டு பூந்துக்கிச்சா?" என்றான் பாஷா. அது மைக்கில் விழ, மண்டபமே கேட்டுச் சிரித்தது.

மறுவாரமே அதை மாற்றப் போனேன், டிரம்ஸோடு சேர்த்து வாசித்துப் பார்க்க பாஷாவையும் டிரம்ஸையும் கூட்டிக்கொண்டு. இப்போதெல்லாம் டிரம்ஸ் இல்லாமல் ஆம்ப்ளிஃபயர் கடைப்படி ஏறுவதில்லை. அந்த டிரம்ஸைப் பஸ்ஸில் ஏற்றுவது நான்தான். திட்டுவதும் அதே கண்டக்டர்தான்.