கோட்டைக்கு வழி காட்டிய வீடு

எனக்கு மேடைன்னா ஒரு கிறுக்கு. மைக் கையில கிடைச்சா விட மாட்டேன். எங்க வாசகர் வட்டத்துல என் முறை வந்தப்ப, வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இருந்த ஒரு சின்ன மலை ராஜ்ஜியத்தைப் பத்திப் பேசறேன்னு ஒத்துக்கிட்டேன். பதினெட்டு ஊர், ஒரு கோட்டை. கப்பமா தேனும் மிளகும். புத்தகங்கள்ல தேடினா ரெண்டு பக்கம் தேறல.

அந்த மலைக்காரர் ஒருத்தரே சிங்கப்பூர் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில என் மேசைக்கு எதிர்ல வந்து உக்காந்தார். கப்பல் பட்டறையில வெல்டர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஊரைச் சொன்னதும் விடுவேனா? நாலு ஞாயித்துக்கிழமை தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துக் கதையைக் கறந்துட்டேன்.

கீழ்நாட்டு ராஜா படையோட வந்து எத்தனையோ மாசம் வளைச்சுக்கிட்டும் கோட்டை விழலயாம். தேன் எடுக்கறவங்க மட்டும் ஏறுற பாறை வழி ஒண்ணு இருந்திருக்கு. அதைக் காட்டிக் கொடுத்தது இவரோட மூதாதை. இன்னைக்கும் திருவிழாவுல அந்த வீட்டு ஆம்பளைங்க சாமி தூக்கக் கூடாதாம்.

"என் ரூம்ல எங்க மலைக்காரங்க ஆறு பேரு இருக்காங்கக்கா. நான் எந்த வீடுன்னு அவங்களுக்குத் தெரியாது. இங்கதான் நிம்மதியா இருக்கேன்,"ன்னார்.

நான் பேர் சொல்லல, சத்தியமா. "காட்டிக் கொடுத்த குடும்பத்து வாரிசு இன்னைக்கு நம்ம சிங்கப்பூர்லயே வெல்டரா இருக்கார்"னுதான் முடிச்சேன். அடடா, என்ன கைதட்டல்! யாரோ அதை ஃபோன்ல பிடிச்சு அனுப்ப, அது சுத்திச் சுத்தி அவர் ரூமுக்கே போயிடுச்சு. அந்த மலையிலேர்ந்து வந்த வெல்டர் அவர் ஒருத்தர்தான். கூட்டுச் சமையல்லேர்ந்து அவரை ஒதுக்கிட்டாங்க.

அடுத்த ஞாயிறு வந்தார். திட்டுவார்னு நினைச்சேன். திட்டியிருக்கலாம்.

"அந்தாளோட ரெண்டு பிள்ளைங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டுதான் வழி கேட்டாங்கன்னு சொன்னேனேக்கா. அதை ஏன் விட்டுட்டீங்க?"

நேரமில்லன்னேன். பொய். என் குறிப்புல அது இருந்துச்சு. காரணத்தைச் சொன்னா சனம் பாவம்னு உச்சுக் கொட்டும், துரோகின்னு பதறாது. அதனால அந்த வரியை நான்தான் பேனாவால அடிச்சேன். இதை எழுதறப்பகூட முகம் எரியுது.

"அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன் தம்பி."

"அங்க யாரு அக்கா என்கூடச் சாப்பிடப் போறாங்க? எங்க ரூம் ஆளுங்ககிட்ட வந்து சொல்லுங்க."

கண்டிப்பா வரேன்னு சொன்னேன். அவங்க தங்கற தொழிலாளர் விடுதிக்குள்ள போக அனுமதி வாங்கணும், அது இதுன்னு நாளைக் கடத்தறேன். அந்த ஆறு பேரும் ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கத்துப் புல்தரையிலதான் உக்காந்திருப்பாங்க. அங்க போக எந்த அனுமதியும் வேண்டாம். நான் இப்பல்லாம் தேக்காவுக்கு மீன் வாங்கப் புதன்கிழமையில போறேன்.