தண்ணீர் கேட்கத் தெரியாதவன்

முப்பத்தொன்பது வயதில் நான் மறுபடியும் நோட்டுக்கு அட்டை போட்டேன். என் மனைவி ஜெர்மனியில் நர்ஸ். அவள் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நானும் எட்டு வயது மகளும் அவளிடம் போய்ச் சேர வேண்டுமென்றால், நான் ஏ1 என்கிற முதல் நிலை ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். மகளுக்குத் தேர்வு கிடையாது. அவள் அம்மாவைப் பார்ப்பது என் மார்க்கை நம்பி இருந்தது.

வில்லியனூரில் நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். சுற்று வட்டாரத்தில் போர்வெல் மோட்டார் எரிந்தால் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எண்ணிக்கை போய்விடும். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

வகுப்பு புதுச்சேரியில், காலை ஏழு மணிக்கு. மகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவதைப் பக்கத்து வீட்டிலிருக்கும் என் அக்கா பார்த்துக்கொண்டாள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். எல்லாரும் நர்சிங் முடித்த சின்னப் பெண்கள். அப்புறம் வந்த உண்மையான டீச்சரும் என்னைவிடப் பத்து வயது சிறியவர்.

ஜெர்மனில் ஒவ்வொரு பொருளும் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். மோட்டார் ஆண். பம்பு பெண். அதிலிருந்து வருகிற தண்ணீர் இரண்டும் இல்லை. "மேடம், பதினெட்டு வருஷமா மோட்டாரப் பிரிச்சுப் பாக்கறேன், ஆம்பளைன்றதுக்கு ஒரு அடையாளமும் தெரியலையே" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. இருபத்தொன்றை அவர்கள் ஒன்றும் இருபதும் என்று திருப்பிச் சொல்கிறார்கள். பழகட்டும் என்று கடையில் கம்பிச் சுற்றை ஜெர்மனில் எண்ணினேன். பாகூர்க்காரர் ஒருவரின் மோட்டாரை முழுக்கப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாகிவிட்டது.

டீக்கடையில் வேறு தொல்லை. "இன்னா மாப்ள, பொண்டாட்டி பின்னாலயே போறியாமே? அங்க போயி இன்னா பண்ணுவ, சோறு ஆக்குவியா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "ஆமான்டா, ஒனக்கும் ஒரு பார்சல் அனுப்பறேன்" என்பேன். வெளியில் சிரித்தாலும் உள்ளே தைக்கும். அந்த வீராப்பில்தான், "நான் வேணா தெனம் கொஞ்ச நேரம் சொல்லித் தரட்டாங்க?" என்று மனைவி போனில் கேட்டபோது, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வெட்டிவிட்டேன். அவளுக்கு இந்த மொழி நோயாளிகளோடு பேசிப் பேசித் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் பொண்டாட்டியிடம் பாடம் படிப்பதாவது என்றிருந்தது எனக்கு.

தேர்வு சென்னையில். எழுத்து, கேட்பது எல்லாம் தட்டுத் தடுமாறி ஓடியது. கடைசியில் பேச்சு. நான்கு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஆளுக்கொரு படம் போட்ட அட்டை தருவார்கள். படத்தில் இருக்கிற பொருளைப் பக்கத்தில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு வந்தது ஒரு தம்ளர் தண்ணீர். இதைவிடச் சுலபமாக எதுவும் வர முடியாது. பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்து "வாஸர்" என்றேன். அவள் காத்திருந்தாள். தேர்வாளர் அம்மா புன்னகையோடு காத்திருந்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாக "வாஸர்!" என்றேன்.

முழு வாக்கியமும் எனக்கு மனப்பாடம். எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தர முடியுமா, தயவுசெய்து. பஸ்ஸில் நூறு முறை முணுமுணுத்திருப்பேன். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. பதினோரு வருடக் குடித்தனத்தில் "தண்ணி" என்று ஒரு சொல் சொல்வேன், செம்பு வரும். பல நாள் அந்தச் சொல்கூடத் தேவைப்பட்டதில்லை. கெஞ்சிக் கேட்பதெல்லாம் மாதா கோயிலில் முழங்கால் போடும்போது மட்டும்தான்.

ஊர் திரும்பும்போதே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், தேர்வைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சில நாள் கழித்து ரிசல்ட் வந்தபோது மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று போனை எட்டிப் பார்த்தாள்.

"பெயிலாப்பா?"

"ஆமா. அம்மாகிட்ட சொல்லிடாதடி."

தலையாட்டிவிட்டுப் போனாள். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் போனுக்கு வருவது குறைந்தது. மனைவி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவாள். மகள் வீட்டுப்பாடம் என்பாள், தூக்கம் வருது என்பாள், அத்தை வீட்டுக்கு ஓடிவிடுவாள். பிள்ளைக்கு அம்மாவின் நினைப்பே விட்டுப்போகிறது என்று நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. சீக்கிரம் பாஸாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னும் வேகமாக நோட்டைப் புரட்டினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அழுதுவிட்டாள். "ஏங்க, என் பொண்ணுக்கு என்னைய மறந்தே போச்சா?" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனைக் கையில் பிடித்தபடியே உள்ளறைக்குப் போய், கட்டிலில் சுருண்டிருந்த மகளை எழுப்பி உட்கார வைத்தேன்.

"ஒழுங்கா அம்மாகூட பேசுடி! இன்னா திமிரு ஒனக்கு?"

"பேசுனா சொல்லிடுவேன்பா" என்று அழுதாள். "நீ பெயிலானத அம்மாகிட்ட சொல்லிடுவேன். அதான் பேசல."

போன் என் கையில்தான் இருந்தது. மனைவியின் முகம் அதில் அசையாமல் இருந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை.

"எப்ப?" என்றாள்.

"ரெண்டு மாசமாச்சு."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லித் தரேன்னு அப்பவே கேட்டேனேங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. டீக்கடைப் பேச்சுக்குப் பயந்து என் பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறேன். நான் ஜெர்மன் படித்த நாளெல்லாம் அவள் அம்மாவிடம் பேசாமல் இருக்கப் படித்திருக்கிறாள்.

"எனக்குச் சொல்லிக் குடும்மா" என்றேன். "என்னால தனியா முடியல."

சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. சென்னை மேசையில்கூட அப்படி வியர்க்கவில்லை. அவள் "சரிங்க" என்றாள். பிறகு, "அவள கூப்டுங்க" என்றாள்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "அப்பா, சொல்லலாமா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லலாம் என்றேன். அலமாரிக்கு ஓடி ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து கேமராவுக்கு நேராகத் திறந்தாள். உள்ளே பஞ்சு வைத்து ஒரு பல்.

"அம்மா, இது வுழுந்து ரொம்ப நாளாச்சு. ஒனக்குக் காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

அந்தப் பல் விழுந்த அன்று, மாடிமேல் எறிந்துவிட்டு வா என்று நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் நான்தான் சொன்னேன். எறிந்துவிட்டேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.