ஐஸில் வைக்காத ரத்தம்

1. பிளாஸ்க்

விழுப்புரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சோடாக் கடையின் நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டு பிளாஸ்கைத் திறந்தேன். ஐஸ் பாதி கரைந்து மிதந்தது. ரத்தக் குழாயைக் காணோம்.

அந்த ஒரு குழாய் ரத்தத்துக்காகத்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து நானும் சடையனும் மிதித்து வந்திருந்தோம். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வாரம் அது. பஸ் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. சாலை நெடுக புளியமரங்கள் வெட்டிப் போடப்பட்டுக் கிடந்தன. குழாயில் இருந்தது சடையனின் மனைவி குள்ளம்மாவின் ரத்தம். அது புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அவள் நோய்க்கு ஒரு பெயர் வந்தாக வேண்டும். வராவிட்டால் கறுத்துக்கொண்டு வரும் விரல்களை எடுத்துவிடுவது என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

"சடையா, குழாய் எங்க?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு வேட்டி மடியைத் தொட்டுக் காட்டினான்.

2. மலையிலிருந்து வந்தவள்

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். வந்த நாளிலிருந்தே வேறு ஊருக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தவன். மேற்குப் பக்க ஜன்னலில் கல்வராயன் மலை தெரியும். காலையில் நீலம், மதியம் சாம்பல், மழைக்கு முன்னால் கையெட்டும் தூரம். அந்த ஜன்னல் மட்டும்தான் எனக்கு அங்கே பிடித்தது.

ஆடிக் காற்றில் குள்ளம்மாவை மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தான் சடையன். சாமையும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கிறவர்கள். அவளுக்கு முதுகெலும்பில் வலி, உடம்பில் சோர்வு. குளிர் பட்டால் விரல் நுனிகள் ஊதா நிறமாகிவிடும். மூக்கு நுனியும் காது மடலும் அப்படித்தான்.

"பாம்பு தீண்டுன கணக்கா இருக்குதுங்க சார்," என்றான்.

"ஆமா, தெனமும் பத்து விரலயும் பத்து பாம்பு வந்து கடிச்சுட்டுப் போவுது. இவரு பக்கத்துல தூங்கிக்கினு கீறாரு," என்றாள் அவள். வலியிலும் வாய் ஓயாது.

சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் படிகின்றன என்று பார்க்கும் இ.எஸ்.ஆர். குழாயில் ரத்தம் கண்ணெதிரே சரசரவென்று இறங்கியது. ஸ்லைடில் சிவப்பணுக்கள் வளையல் அடுக்கினது போல ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

நம் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை உண்டு. நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் செய்வது அதன் வேலை. ஆயிரம் நோய்க்கு ஆயிரம் தினுசு. சிலருக்கு அதில் ஒரு செல் மட்டும் கட்டு மீறிப் பெருகி, யாருக்கும் வேண்டாத ஒரே தினுசைச் செய்து கொட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரோஃபோரசிஸ் வேண்டும். ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் சீரத்தில் உள்ள புரதங்களை மின்சாரத்தை வைத்துத் தனித்தனியாகப் பிரிக்கிற டெஸ்ட். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது புதுச்சேரியில்தான்.

எல்லாரும் செய்கிற முறையில்தான் செய்தோம். ரத்தத்தை எடுத்து, பிரிட்ஜில் வைத்து உறையவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்த சீரத்தை ஐஸில் வைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினோம்.

புரட்டாசி மழையில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை வலது கையில் இரண்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. டாக்டர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இ.எஸ்.ஆர். இவ்ளோ ஏறிக் கெடக்கு. செல்லுங்க ஒட்டிக்கினு கெடக்கு. புரோட்டீன் நார்மல்னா நான் நம்பணுமா? திரும்ப அனுப்புப்பா."

"பஸ்ஸே இல்லீங்களே சார்."

"சைக்கிள் இல்ல?"

போராட்டத்தில் கரண்டும் போயிருந்தது. சென்ட்ரிஃப்யூஜ் ஓடாது. ரத்தத்தை எடுத்தபடியே ரப்பர் மூடி போட்டு ஐஸ் பிளாஸ்கில் வைத்தேன். கிளம்பும்போது குள்ளம்மா, விரல் போனால் கிழங்கு எப்படிப் பிடுங்குவேன் என்று கேட்கவில்லை. "மேல சாமை பால் புடிக்கிற நேரம். நான் எப்ப சார் போறது?" என்றாள்.

3. சாலை

தியாகதுருகம் தாண்டி முதல் மரம். துண்டைத் தலையில் கட்டிய ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ், எங்க போறீங்க? இன்னா அது கையில?"

"ரத்தம்ங்க," என்றான் சடையன்.

துப்பாக்கிச் சூடு நடந்த அந்த வாரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"யாரு ரத்தம்?"

"எங்க ஊட்டுக்காரிதுங்க. டெஸ்டுக்குப் போவுது. வெரல வெட்டிடுவாங்களாம்."

பெரியவர் ஒருத்தர் துண்டை அவிழ்த்து உதறினார். "நம்ம புள்ளிங்க வேலைக்குப் போவணும்னு நாம ரோட்டுல குந்திக்கினு கீறோம். இவன் பொண்டாட்டிக்காக ரோட்டுல போறான். தூக்குங்கடா சைக்கிள!"

இரண்டு சைக்கிளும் எங்களோடு சேர்ந்து மரத்தைத் தாண்டின. அடுத்த மரத்திலும் அப்படித்தான். செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும். "ரத்தக்காரங்க வராங்க" என்று தூரத்திலேயே வழி விட்டார்கள்.

இடையில் எங்கோ நான் ஒதுங்கப் போன நேரத்தில்தான் சடையன் குழாயை பிளாஸ்கிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி, மடியில் கட்டியிருக்கிறான்.

"கெட்டுப் போயிடும்யா! ஐஸ்லதான் இருக்கணும்!" என்று சோடாக் கடை நிழலில் கத்தினேன்.

"கோச்சுக்காதீங்க சார். அவளுக்கே குளிரு ஆவாது. அவ ரத்தத்துக்கு மட்டும் ஆவுமா?"

ரத்தத்துக்குக் குளிர்தான் காவல் என்று படித்தவன் நான். அவனுக்கு அந்தக் குழாய் அவளேதான். ஆனால் விழுப்புரத்தில் ஐஸ் ஃபேக்டரியும் மூடிக் கிடந்தது. பிளாஸ்கில் இருந்தது தண்ணீராகிக்கொண்டிருந்தது. எனக்கும் வேறு வழியில்லை. "சரி, மடியிலயே இருக்கட்டும்," என்றேன். மறுநாள் காலை புதுச்சேரி போய்ச் சேரும் வரை அவன் ஒரு கையால் ஹேண்டில் பாரையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டே மிதித்தான்.

4. உள்ளங்கை

லேப் பொறுப்பில் இருந்த டாக்டரம்மா குழாயை வாங்கியதும் திடுக்கிட்டார். "என்ன இது, சுடுது?"

சடையன் என் பின்னால் ஒதுங்கினான். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றோம். உதட்டைக் கடித்தபடி, சூடு ஆறுவதற்குள் சுற்றச் சொல்லி, சீரத்தைப் பிரித்தார். கொஞ்சம் சிவந்த, ஆனால் தெளிவான சீரம். "நாளைக்கு வாங்க," என்று அதை பிரிட்ஜில் வைத்தார்.

மறுநாள் அவரே வாசலுக்கு வந்து எங்களைக் கூப்பிட்டார். தெளிவாக இருந்த சீரம் குழாய்க்குள் வெள்ளையாக, நுங்கு மாதிரி கட்டியாகியிருந்தது. அதைச் சடையன் கையில் கொடுத்தார்.

"நல்லா மூடிப் பிடிங்க."

அவன் பயந்துகொண்டே பிடித்தான். கொஞ்ச நேரம் கழித்து விரல்களை விரித்தபோது கட்டி கரைந்து மறுபடி தெளிந்திருந்தது.

"இதான் உங்க வீட்டம்மா உடம்புல நடக்குது," என்றார். "குளிர் பட்டா உறையுற புரதம். விரல் நுனியில உறைஞ்சு ரத்தத்த அடைக்குது. போன தடவை பிரிட்ஜ்ல வெச்சதும் இது உறைஞ்சு, சுத்தும்போது ரத்தக் கட்டியோட அடியில போயிருக்கு. நமக்கு வந்தது மிச்சம்தான். அதான் நார்மல்."

எலக்ட்ரோஃபோரசிஸில் ஒரு பட்டை கருப்பாக, கூர்மையாக நின்றது. ஒரே தினுசு. பிளாஸ்மா செல் நோய்.

திரும்பும் வழியெல்லாம் சடையன் தன் உள்ளங்கையை அடிக்கடி பார்த்துக்கொண்டான்.

5. பனி

விரல்களை எடுக்கவில்லை. இளஞ்சூட்டில் வைத்து மருந்து கொடுத்தார்கள்; ஒரு நுனி மட்டும் காய்ந்து தானே உதிர்ந்தது. ஆனால் டாக்டர் ஒன்று சொன்னார்: மலை கூடாது. அங்கே இருக்கிற குளிர் இவளுக்கு விஷம்.

கீழே சமவெளியில், நைனார்பாளையம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் இருவரும் கூலிக்குச் சேர்ந்தார்கள். மாதம் ஒருமுறை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க என் லேபுக்கு வருவாள். கையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கேட்பாள்:

"மேல பனி வுட்டுச்சுங்களா சார்?"

நானும் எட்டிப் பார்த்துச் சொல்வேன். "இன்னும் இல்லம்மா. மூடிக்கினுதான் இருக்கு."

"அங்க வெயிலே வராதா?" என்று சிரிப்பாள். "இங்க இன்னாடான்னா அனல். உசுரு இங்க இருக்குது, மனசு மேல இருக்குது. ரெண்டயும் ஒரே குழாயில எடுக்க முடியாதா சார்?"

ஒரு சித்திரையில் மட்டும் டாக்டர் சம்மதித்தார். இரண்டு வாரம் மேலே போய் வந்தாள். திரும்பும்போது சாமை அரிசி ஒரு பை கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். சில வருஷம் வந்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு மாதம் சடையன் தனியாக வந்தான். அவள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனான்.

நான் ஆசைப்பட்டபடியே ஊர் மாறினேன். எத்தனையோ ஊர், எத்தனையோ லேப். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் மெஷின் எல்லாம் செய்கிறது. எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்கிறேன். குழாயைக் கையில் வாங்கியதும் அதை எங்கே வைப்பது என்று யோசிக்காதீர்கள். யாருடையது, அவருக்கு எது ஆகாது என்று முதலில் கேளுங்கள். விரல் ஊதா நிறமாகிறது என்று யாராவது சொன்னால் வெந்நீர் பிளாஸ்கை எடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கை இருக்கிறது.

நானும் அப்படித்தான். அந்த மாதிரி ஒரு குழாய் வந்தால், குழாய்களை இளஞ்சூட்டில் வைக்கும் வாட்டர் பாத் வரை உள்ளங்கையில் மூடித்தான் கொண்டுபோகிறேன். நடக்கும்போது என்னையறியாமல் மேற்குப் பக்க ஜன்னலைப் பார்த்துவிடுகிறேன். இங்கே அந்தப் பக்கம் மலை இல்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். ஆனாலும் பார்க்கிறேன், பனி விட்டுவிட்டதா என்று.