மூன்று சக்கரக் காரும் ஒரு பழைய விமானமும்

அதியமான்கோட்டை சாலையோரத்தில் என் அம்பாசிடர் மூன்று சக்கரத்தோடு ஜாக்கி மேல் நிற்கிறது. நான்காவதை மாட்டவேண்டிய மெக்கானிக் பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். உயரத்தில் ஒரு போர்விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்த்துச் சுழன்று விழுகிறது.

"ஐயோ, விழுது பாய்!" என்று கத்துகிறேன். விமானங்களைப் பற்றி நான்கு புத்தகம் படித்தவன் நான்.

"கத்தாதீங்க சார். வேணும்னே விழ உட்டுத் தூக்கணும், அதான் பாடம். எம் பையன் நேவி பைலட்டுங்க. பெங்களூர்ல டெஸ்ட் பைலட்டுக்குப் படிக்கிறான். அங்கேருந்துதான் இங்க வந்து பழகறாங்க. அந்தப் பிளேனு அவன் பொறக்கறதுக்கு முன்னயே வந்ததாம்."

விமானம் நிமிர்ந்து வடக்கே போகிறது. பாய் அப்போதுதான் மூச்சு விடுகிறார், ஸ்பேனரை எடுக்கிறார்.

"அதுல இருந்தது உங்க பையனா?"

"யாருக்குத் தெரியும்? இன்னிக்கு அவன் முறையோ, வேற யாரு முறையோ. அதான் ஒண்ணு உடாம பாத்துடறதுங்க."

இரண்டு நட்டு முறுக்குவதற்குள் வடக்கே மறுபடி சத்தம். ஸ்பேனர் கீழே போகிறது. சேலத்தில் என் பேச்சைக் கேட்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நானும் பாயோடு அண்ணாந்து நிற்கிறேன்.